தாங்கா தரையிறக்கம் (1914): கடல்வழிப் படையிறக்கத்தில் தளவாடத் திட்டமிடல்

தாங்கா தரையிறக்கம் என்பது முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 நவம்பர் 2 முதல் 5 வரை, பிரித்தானிய இந்தியப் படை ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தைக் கடல்வழியே கைப்பற்ற முயன்று தோற்ற நிகழ்வாகும். தாங்கா இன்று தான்சானியா நாட்டில் உள்ளது. பம்பாயிலிருந்து புறப்பட்ட சுமார் 8,000 பேர் கொண்ட படையைச் சுமார் 1,000 பேர் கொண்ட ஜெர்மன் படை தடுத்து நிறுத்தி, மீண்டும் கப்பலேறச் செய்தது.

இப்போரில் பங்கேற்ற பிரிவுகளுள் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. சென்னை மாகாணத்தில் ஆள்சேர்க்கப்பட்ட இப்பிரிவில் தமிழர்களும் இருந்தனர். தோல்விக்குப் பின் எழுதப்பட்ட பல விவரிப்புகளில் இப்படைப்பிரிவின் மீது பெரும்பழி சுமத்தப்பட்டது. ஆனால் தாங்காவின் தோல்வி போர்க்களத்தில் தொடங்கியது அன்று. ஆட்களையும் பொருட்களையும் கப்பலில் ஏற்றி, கடல் கடந்து, கரையில் இறக்கும் ஏற்பாட்டிலேயே அது தொடங்கிவிட்டது. இக்கட்டுரை அந்த ஏற்பாட்டை விளக்கி, வேறு சில கடல்வழிப் படையெடுப்புகளோடு ஒப்பிட்டு, அவற்றிலிருந்து பெறத்தக்க பாடங்களைத் தொகுத்துத் தருகிறது.

படையிறக்கமும் தளவாட வழங்கலும்

கடலிலிருந்து பகைவர் கரையில் படையை இறக்குவது நீர்நிலப் படையிறக்கம் எனப்படும். படைக்கு வேண்டிய உணவு, குடிநீர், வெடிபொருள், மருந்து, ஊர்தி, விலங்குகள் ஆகியவற்றை உரிய நேரத்தில் உரிய இடத்தில் சேர்ப்பது தளவாட வழங்கல். இதையே இன்று லாஜிஸ்டிக்ஸ் என்று பொதுவாகக் கூறுகிறோம்.

தரைப்போரில் படைக்குப் பின்னால் சாலையோ இருப்புப்பாதையோ இருக்கும். ஒரு பொருள் மறந்துபோனால் மறுநாள் வரவழைக்கலாம். படையிறக்கத்தில் பின்னால் இருப்பது கடல் மட்டுமே. கப்பலில் ஏற்றாத பொருள் கிடைக்காது. ஏற்றிய பொருளும் சரக்கறையின் அடியில் இருந்தால், மேலே உள்ள அனைத்தையும் இறக்கிய பின்னரே கைக்கு வரும். எனவே கப்பலில் எது இருக்கிறது என்பதோடு, எது முதலில் வெளியே வரும் என்பதும் முக்கியமாகிறது.

சரக்கேற்றுவதில் இரண்டு முறைகள் உள்ளன. இடத்தை வீணாக்காமல், கனமானதைக் கீழேயும் இலேசானதை மேலேயும் வைத்து நிரப்புவது வணிக முறை. முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏறும்படி அடுக்குவது போர் முறை. போர் முறையில் கப்பலின் கொள்ளளவில் ஒரு பகுதி வீணாகும். ஆனால் கரையில் நேரம் மிச்சமாகும். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டார வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் கொண்டுவரும் லாரிகளைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். உற்பத்தி வரிசைக்கு முதலில் வேண்டிய பாகம் லாரியின் உள்ளோரத்தில் மாட்டிக்கொண்டால், லாரி நேரத்துக்கு வந்தும் வேலை நிற்கும்.

இரண்டாவது தடை, கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டர் தூரம். ஒரு கணக்கைப் பார்க்கலாம். 8,000 பேரை இறக்க வேண்டும்; இருக்கும் படகுகள் அனைத்தும் சேர்ந்து ஒருமுறைக்கு 500 பேரை ஏற்றும்; போய்வர 2 மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். 16 நடைகள் வேண்டும். ஆட்களை இறக்க மட்டுமே 32 மணி நேரம் ஆகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 8,000 பேருக்கு 40,000 லிட்டர், அதாவது 40 டன் குடிநீர் வேண்டும். அதே படகுகளே அதையும் சுமக்க வேண்டும். இது விளக்கத்துக்கான கணக்கே. எனினும் எந்தப் படையிறக்கத்துக்கும் இந்தக் கணக்கைப் போடாமல் நாள் குறிக்க முடியாது.

தாங்கா: பின்னணி

தாங்கா ஒரு நல்ல இயற்கைத் துறைமுகம். உள்நாட்டில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள மோஷிக்குச் செல்லும் உசாம்பரா இருப்புப்பாதையின் கடற்கரை முனையும் அதுவே. அதைக் கைப்பற்றினால் ஜெர்மன் குடியேற்ற நாட்டின் வடபகுதியை அடக்கிவிடலாம் என்று பிரித்தானியர் கருதினர்.

இதற்காக இந்தியாவில் இந்தியப் படையெடுப்புப் படை 'பி' அமைக்கப்பட்டது. தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். பெங்களூர் பிரிகேடைச் சேர்ந்த படைகளும், காசுமீர், குவாலியர் போன்ற சுதேச அரசுகளின் படைகளும், 61ஆம் பயனியர் படையும் இதில் சேர்க்கப்பட்டன. பெங்களூர் பிரிகேடில் ஒரு பிரித்தானியப் படைப்பிரிவுடன் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 98ஆம் காலாட்படை, 101ஆம் கிரெனேடியர் ஆகிய பிரிவுகள் இருந்தன. இவற்றுள் பல அதற்கு முன் ஒன்றாகப் பயிற்சி செய்தவை அல்ல. போர் தொடங்கிய நேரத்தில் இந்தியாவின் சிறந்த பிரிவுகள் பிரான்சுக்கும் எகிப்துக்கும் அனுப்பப்பட்டதால், எஞ்சியவற்றைச் சேர்த்தே இப்படை உருவானது.

அப்போது இந்தியப் பெருங்கடலில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் நடமாடின. 1914 செப்டம்பர் 20 அன்று கோனிக்ஸ்பர்க் என்ற கப்பல் சான்சிபாரில் பிரித்தானியப் போர்க்கப்பல் பெகாசசைத் தாக்கி மூழ்கடித்தது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 22 இரவு, எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. தமிழில் 'எம்டன்' என்ற சொல் இன்றும் வழங்கக் காரணமான நிகழ்ச்சி இதுவே. இதனால் காவல் கப்பல்கள் இன்றிப் படைக்கப்பல்களை அனுப்ப இயலவில்லை. பம்பாயில் கப்பலேறிய படையினர் புறப்பாட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அக்டோபர் 16 அன்றே கப்பல்கள் புறப்பட்டன.

நிகழ்வுகள்

கப்பல் தொகுதி அக்டோபர் மாத இறுதியில் ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது. மொம்பாசா பிரித்தானியர் கையில் இருந்த துறைமுகம். அங்கே படையை இறக்கி, கால்களை நிலத்தில் பழக்கி, சரக்கை மறுபடி அடுக்கிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. அவ்வாறு செய்யப்படவில்லை. எதிரிக்குச் செய்தி எட்டிவிடும் என்ற அச்சமும், தாங்காவில் எதிர்ப்பு இராது என்ற நம்பிக்கையும் அதற்குக் காரணங்கள்.

நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் மட்டும் முன்னே சென்று, நகரம் சரணடைய வேண்டும் என்று கோரியது. ஜெர்மன் அதிகாரி அவகாசம் கேட்டுக் காலம் கடத்தினார். துறைமுகத்தில் கண்ணிவெடிகள் இருக்கலாம் என்ற ஐயத்தால் அவற்றைத் தேடும் வேலை நடந்தது, எதுவும் கிடைக்கவில்லை. இதற்கிடையே ஜெர்மன் தளபதி பவுல் வான் லெட்டோ-ஃபோர்பெக் மோஷியிலிருந்து இருப்புப்பாதை வழியே படைகளைக் கொண்டுவரத் தொடங்கினார். படகுகள் ஒரு பக்கமும் ரயில் மறுபக்கமும் நடத்திய ஓட்டப் பந்தயமாக அடுத்த இரண்டு நாட்கள் அமைந்தன.

கண்ணிவெடி அச்சத்தால் துறைமுகத்துக்குள் நுழையாமல், நகருக்குக் கிழக்கே ராஸ் கசோனே முனையருகே இறங்குவதென முடிவாயிற்று. அங்கே அலையாத்தி மரங்கள் அடர்ந்த கரை. அதற்கு மேலே செங்குத்தான மேடு. நவம்பர் 2 இரவு இருட்டில், இழுவைப்படகுகள் இழுத்துவந்த தோணிகளிலிருந்து வீரர்கள் நீரில் இறங்கி நடந்து கரையேறினர். முதலில் இறங்கிய 13ஆம் ராஜபுத்திரர் படையும் 61ஆம் பயனியர் படையும், மற்றவர்கள் இறங்குமுன்பே நவம்பர் 3 காலை நகரை நோக்கி அனுப்பப்பட்டன. அவை எதிர்த்தாக்குதலில் சிதறிப் பின்வாங்கின.

எஞ்சிய படை அன்று முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தது. நவம்பர் 4 நண்பகல் வெயிலில், தோட்டங்களும் புதர்களும் அடர்ந்த நிலத்தின் வழியே பொதுத் தாக்குதல் தொடங்கியது. வரிசைகள் ஒன்றையொன்று காண முடியாமல் பிரிந்தன. 101ஆம் கிரெனேடியர் படை கடும் இழப்பைச் சந்தித்தது. 63ஆம் பாளையங்கோட்டைப் படையின் பெரும்பகுதி நிலைகுலைந்து பின்வாங்கியது. 98ஆம் காலாட்படை, குண்டுகள் பட்டுக் கலைந்த தேனீக் கூட்டத்தால் தாக்கப்பட்டது. இதனால் இப்போரைத் 'தேனீக்களின் போர்' என்றும் கூறுவர். பிரித்தானியப் படைப்பிரிவினரும் காசுமீர் வீரர்களும் நகருக்குள் நுழைந்தபோதும் அவர்களால் நிலைக்க முடியவில்லை.

நவம்பர் 5 அன்று படை மீண்டும் கப்பலேறியது. ஆட்களை மீட்பதே முதன்மை எனக் கருதி, கரையில் இறக்கிய பொருட்கள் கைவிடப்பட்டன. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், பல இயந்திரத் துப்பாக்கிகள், ஜெர்மன் தரப்பின் கணக்குப்படி 6,00,000 தோட்டாக்கள் எதிரியின் கைக்குச் சென்றன. பிரித்தானிய இந்தியத் தரப்பில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 800க்கும் மேற்பட்டவர். வெளியிலிருந்து பொருள் வரும் வழி அடைபட்டிருந்த ஜெர்மன் படைக்கு இந்தத் தளவாடங்கள் பெருந்துணையாயின.

தளவாடக் குறைபாடுகள்

தாங்கா தோல்வியில் தளவாடத் திட்டமிடல் சார்ந்த குறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, படையினரின் உடல்நிலை. வீரனும் ஒருவகையில் கப்பலில் ஏற்றப்படும் பொருளே. பழுதில்லாமல் இறக்கப்பட வேண்டியவன். நெருக்கடியான கப்பல்களில், முன்பின் கடல் காணாத பலர், வாரக்கணக்கில் கடல்நோயுடன் அடைபட்டிருந்தனர். ஓய்வின்றி நேரே இருட்டில் இறக்கப்பட்டு, வெயிலில் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டனர். சில பிரிவுகளுக்குப் புதிய வகைத் துப்பாக்கிகள் புறப்படுவதற்குச் சற்று முன்னரே வழங்கப்பட்டன. அவற்றில் பழகக் காலம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஆட்கள் இறங்கியும் அவர்களுக்கு வேண்டிய பலம் இறங்காதது. படையுடன் மலைப்பீரங்கிகள் வந்திருந்தன. அவை கரைக்குக் கொண்டுவரப்படாமல் கப்பலின் மேல்தளத்திலிருந்தே சுட்டன. மரங்கள் மறைத்த களத்தைக் கப்பலிலிருந்து காண இயலாததால் அதனால் பெரும்பயன் விளையவில்லை.

மூன்றாவது, கரையைப் பற்றிய அறிவின்மை. இறங்கும் இடம் முன்கூட்டியே ஆராயப்படவில்லை. கரைக்கு அப்பால் உள்ள நிலத்தைக் காட்டும் நல்ல வரைபடமும் இல்லை.

நான்காவது, எதிரியின் வழங்கல் வேகத்தைக் கணக்கிடாதது. தாங்காவின் மதிப்பே அதன் இருப்புப்பாதையில்தான் இருந்தது. அதே பாதை எதிரியின் படையையும் கொண்டுவரும் என்பது திட்டத்தில் போதிய இடம் பெறவில்லை. சரணடையும்படி கோரியதில் இழந்த ஒவ்வொரு மணி நேரமும் ரயிலுக்குச் சாதகமாயிற்று.

பழி யார்மீது விழுந்தது

தளபதி எய்ட்கன் பின்னர் பதவி குறைக்கப்பட்டார். ஆனால் பொதுவான பேச்சில் பழி சிப்பாய்களின் மீதே விழுந்தது. அதற்கு ஏற்கெனவே ஒரு கருத்து ஆயத்தமாக இருந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் முதலியோர் 'போர்க்குடிகள்' என்ற கொள்கையை வளர்த்தனர். வடமேற்கு இந்தியரும் கூர்க்காக்களுமே போருக்கு உகந்தவர். தென்னிந்தியர் உகந்தவர் அல்லர் என்பது அதன் சாரம். இக்கொள்கையால் சென்னைப் படையின் பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. தாங்காவில் பாளையங்கோட்டைப் படை குலைந்தது இக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

இந்த வாதம் பொருந்தாது. தாங்காவில் முதலில் சிதறியது 'போர்க்குடி' எனப் புகழப்பட்ட ராஜபுத்திரர் பெயர் தாங்கிய படை. அடுத்த நாள் பல பிரிவுகள் குலைந்தன. ஒரே வகையான கப்பல் வாழ்வும், ஒரே வகையான இறக்கமும், ஒரே வகையான பீரங்கித் துணையின்மையும் எல்லாரையும் பாதித்தன. பாளையங்கோட்டைப் படை குலைந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் காரணத்தைச் சாதியிலும் பிறப்பிலும் தேடியதால், கப்பலிலும் கரையிலும் நடந்த தவறுகளிலிருந்து கற்கும் வாய்ப்பு தள்ளிப்போயிற்று.

மாறான எடுத்துக்காட்டு: சாவகம், 1811

தாங்காவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், சென்னையிலிருந்தே புறப்பட்ட ஒரு படையெடுப்பு வேறு விதமாக நடந்தது. நெப்போலியன் காலப் போர்களில் பிரெஞ்சு ஆதிக்கத்தின்கீழ் வந்த சாவகத் தீவைக் கைப்பற்ற, ஆளுநர் நாயகம் மிண்டோ பிரபு 1811இல் படை திரட்டினார். தளபதி சாமுவேல் ஆக்முட்டி.

அன்று சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் பொருட்களும் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து செல்ல வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலையின் மோதலில் வளைந்துகொடுக்கும், உடையாது. கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே செல்லும். கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதைச் சோழமண்டலக் கரையின் படகோட்டிகள் அன்றாட வாழ்வில் அறிந்திருந்தனர்.

படையின் முதல் பிரிவு ஏப்ரல் மாதம் சென்னையை விட்டது. மே மாதத் தொடக்கத்தில் வீசிய புயலில் சென்னைக்கு அப்பால் நின்ற கப்பல்கள் சில அழிந்தன. படைக்கப்பல்கள் அதற்குள் கடந்து சென்றிருந்தன. எல்லாப் பிரிவுகளும் மலாக்காவில் கூடின. அங்கே படை கரையிறங்கி, ஒழுங்கு செய்யப்பட்டது. நோயுற்ற சுமார் 1,200 பேர் அங்கேயே விடப்பட்டனர். சுமார் 12,000 பேர் கொண்ட படையில் இது சிறிய எண்ணிக்கை அன்று. ஆனால் நோயாளிகளைப் போர்முனைக்குச் சுமந்து செல்வதை விட இது நல்ல ஏற்பாடு.

இறங்குமிடமும் முன்பே ஆராயப்பட்டது. இப்பணியில் ஈடுபட்டவர் தலைமைப் பொறியாளர் காலின் மெக்கன்சி. தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டியவர் என்று தமிழ்நாட்டில் அறியப்படுபவர் இவரே. பட்டாவியாவுக்குக் (இன்றைய சகார்த்தா) கிழக்கே உள்ள சிலிஞ்சிங் கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1811 ஆகஸ்ட் 4 அன்று படை அங்கே எதிர்ப்பின்றி இறங்கியது. ஆகஸ்ட் 8 அன்று பட்டாவியா வீழ்ந்தது. ஆகஸ்ட் 26 அன்று கொர்னேலிஸ் கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்டது. சென்னைப் படையின் பொறியாளர் பிரிவு இதில் பங்கேற்றது. பின்னாளின் மதராஸ் சாப்பர்ஸ் படை 'ஜாவா' என்ற போர் விருதைத் தாங்கியுள்ளது.

இரண்டு படையெடுப்புகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகும். சாவகப் படை இடையில் ஒரு தளத்தில் இறங்கித் தன்னைச் சரிசெய்துகொண்டது; தாங்காப் படை மொம்பாசாவைக் கடந்து சென்றது. சாவகத்தில் கரை ஆராயப்பட்டது. தாங்காவில் கரை ஊகிக்கப்பட்டது. தென்னிந்தியச் சிப்பாய்கள் இரண்டிலும் இருந்தனர்.

பிற படையிறக்கங்கள்

கலிப்பொலி, 1915: துருக்கியின் கலிப்பொலித் தீபகற்பத்தில் இறங்க வந்த படையின் கப்பல்கள் இங்கிலாந்தில் போர் முறைப்படி ஏற்றப்படவில்லை. படை ஓரிடத்திலும் அதன் தளவாடங்கள் வேறு கப்பல்களிலும் இருந்தன. அருகில் இருந்த லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறையில் மறுபடி அடுக்கும் வசதி இல்லை. எனவே தளபதி இயான் ஹாமில்டன் கப்பல்களை எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பிச் சரக்கை மாற்றி ஏற்றச் செய்தார். சில வாரங்கள் கழிந்து, ஏப்ரல் 25 அன்றே இறக்கம் நடந்தது. அந்த இடைவெளியில் துருக்கியர் தம் காவலைப் பலப்படுத்திக்கொண்டனர்.

மொரிப், 1945: மலாயாவை மீட்க இந்தியாவிலிருந்து திட்டமிடப்பட்ட 'ஜிப்பர்' நடவடிக்கை, சப்பான் சரணடைந்த பின்னர் செப்டம்பர் 9 அன்று எதிர்ப்பின்றி நடந்தது. மொரிப் கடற்கரையில் மேலே கெட்டியாகத் தோன்றிய மணலுக்குக் கீழே சேறு இருந்தது. ஏராளமான ஊர்திகள் புதைந்து நின்றன. சுடுவார் யாரும் இல்லாதபோதே அந்த நிலை என்றால், எதிர்ப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பின்னர் பலரும் எழுப்பிய கேள்வி.

காக்ஸ் பஜார், 1971: வங்கதேசப் போரின் இறுதி நாட்களில், பாகிஸ்தான் படையினர் பர்மாவுக்குத் தப்பிச் செல்லும் வழியை அடைக்க இந்தியா ஒரு படையிறக்கத்தை நடத்தியது. அவசரமாகத் திரட்டப்பட்ட கூர்க்கா வீரர்கள் கல்கத்தாவிலிருந்து வணிகக் கப்பலில் சென்று, கடலில் கரியால், குல்தார் ஆகிய படையிறக்கக் கப்பல்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கு இதில் முன்பயிற்சி இல்லை. டிசம்பர் 14 அன்று கப்பல் கரைக்கு முன்பே மணல்திட்டில் தட்டியது. திட்டுக்கும் கரைக்கும் இடையே ஆழமான நீர் இருந்தது. கனமான சுமையுடன் குதித்தவர்களில் சிலர் நீரில் மூழ்கி இறந்தனர். பின்னர் உள்ளூர்ப் படகுகளின் உதவியால் எஞ்சியோர் கரை சேர்ந்தனர். எதிரியின் குண்டு ஒன்றும் பாயாமலேயே உயிர்கள் போயின.

பாக்லாந்து, 1982: பிரித்தானியப் படை பாக்லாந்து தீவுகளில் இறங்கிய பின், மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டது. படை நம்பியிருந்த நான்கு சினூக் பெரு உலங்கூர்திகளில் மூன்று அதில் அழிந்தன. வான்வழியே செல்ல இருந்த வீரர்கள் முதுகில் சுமையுடன் பல கிலோமீட்டர் நடந்தே செல்ல நேர்ந்தது.

பாடங்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் பாடங்களைத் தொகுக்கலாம்.

1. இறங்கும் திட்டத்தை முதலில் வகுத்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து ஏற்றும் திட்டத்தை வகுக்க வேண்டும். துறைமுகத்தில் இடத்தை மிச்சப்படுத்தினால், அதன் விலையைக் கரையில் கொடுக்க நேரும்.

2. கப்பலின் கொள்ளளவை அன்று, மணிக்கு எவ்வளவு கரை சேர்க்கலாம் என்பதையே படையின் உண்மையான அளவாகக் கொள்ள வேண்டும்.

3. கரையை நேரில் அளக்க வேண்டும். சரிவு, மணலின் கெட்டி, மணல்திட்டு, கடல்நீர் ஏற்ற இறக்கம், அலை, கரைக்குப் பின்னுள்ள வழி ஆகிய ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர் மீனவரின் அறிவு இதில் பெரிதும் உதவும்.

4. இடையில் ஒரு தளம் வேண்டும். படையை ஓய்வெடுக்கச் செய்யவும், நோயுற்றோரைப் பிரிக்கவும், சரக்கை மாற்றி அடுக்கவும் அது பயன்படும்.

5. இன்றியமையாத ஒரே வகைப் பொருள் முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றக் கூடாது.

6. திரும்பக் கப்பலேறும் ஏற்பாடும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். கைவிட்ட பொருள் எதிரியின் இருப்பில் சேரும்.

7. தோல்விக்குப் பின் விசாரணை வீரரிடம் தொடங்காமல் சரக்குப் பட்டியலிலும் கால அட்டவணையிலும் தொடங்க வேண்டும்.

இன்றைய பயன்பாடு

இரண்டாம் உலகப் போரில் முன்புறக் கதவைத் திறந்து ஊர்திகளை நேரே கரையில் இறக்கும் எல்.எஸ்.டி. வகைக் கப்பல்கள் பெருமளவில் கட்டப்பட்டன. போருக்குப் பின் இவற்றுள் சில பிரித்தானியாவில் லாரிகளை ஏற்றிச் செல்லும் வணிகச் சேவைக்குப் பயன்பட்டன. ஊர்தி தானே ஏறித் தானே இறங்கும் ரோ-ரோ கப்பல் முறை பரவ இதுவும் ஒரு காரணம். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் உற்பத்தியாகும் கார்கள் சென்னை, எண்ணூர் காமராசர் துறைமுகங்களிலிருந்து வெளிநாடு செல்வது இவ்வகைக் கப்பல்களில்தான்.

படையிறக்கத் தளவாட அறிவு இன்று பேரிடர் மீட்பிலும் பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார்த் தீவுகளின் படகுத்துறைகள் பல சிதைந்தன. துறை இல்லாத கரையில் உணவும் நீரும் இறக்குவது எப்படி என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2007இல் இந்தியக் கடற்படை அமெரிக்காவிடமிருந்து வாங்கிய ஐ.என்.எஸ். ஜலஷ்வா, படகுகளைத் தன்னுள்ளே வைத்திருந்து கடலில் இறக்கக்கூடிய பெரிய கப்பல். 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கால் கொழும்பில் தவித்த இந்தியர்களை இக்கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

போரானாலும் மீட்பானாலும் கணக்கு ஒன்றே. கரையில் நிற்பவரின் கைக்கு எது, எந்த வரிசையில், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதைப் புறப்படும் துறைமுகத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். 1914இல் பம்பாயில் அது தீர்மானிக்கப்படவில்லை. அதன் விலையைத் தாங்கா கரையில் இறக்கிவிடப்பட்ட வீரர்கள் கொடுத்தனர்; பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய படை பழியையும் சேர்த்துச் சுமந்தது.